டை கட்டின கங்காணி

என்னடா பேராண்டி, பெலிஹுல்ஓயாவுல முகாமைத்துவம் படிக்க இடம் கெடச்சிருச்சாமே? அதுலயும் மனுச வளமாம். நல்லாப் படி. ரம்புக்கனைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துல, ஒத்தக் காம்பராவுல ஆறு பேர் சத்தத்துக்கு நடுவுல படிச்சு இசட் புள்ளி எடுக்குறது லேசுப்பட்ட காரியமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு நான் சொல்லமாட்டேன். இப்பல்லாம் ஏட்டுச் சுரைக்காய்க்குத்தான சம்பளமே.

ஆனா ஒண்ணு. அந்தச் சப்ரகமுவ பல்கலைக்கழகம் வந்தது 1995ல. அதுக்கு முந்தி இந்த மாகாணத்துல ஆள் மேய்க்கத் தெரியாமலா தோட்டம் நடந்துச்சு? மேய்ச்சவங்களுக்குப் பட்டம் இல்ல. பிரம்பு இருந்துச்சு. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

உன் நோட்டுல ஆட்சேர்ப்புன்னு ஒரு பாடம் பாத்தேன். கட்டம் போட்டு, அம்பு போட்டு, அழகாத்தான் இருக்கு. என் பாட்டன் காலத்துல அந்த உத்தியோகம் பாத்தவரு பெரிய கங்காணி. திருச்சி, சேலம்னு ஊரு ஊராப் போயி, கையில முன்பணத்த வச்சு ஆளக் கூட்டியாருவாரு. அந்தக் காசு கடனா ஆள் தலையில ஏறும். வேற தோட்டத்துக்குப் போகணுமா? துண்டு வேணும். இவன் கடன் இம்புட்டு, கட்டுனா விட்டுர்றோம்னு தோட்டத்துல எழுதிக் குடுக்குற சீட்டு அது. கடனக் கட்டுறவன் ஆள ஓட்டிக்கிட்டுப் போவான். 1921ல சட்டம் போட்டுத்தான் அந்தச் சீட்டக் கிழிச்சாங்க. இப்ப கொழும்புல என்னா நடக்குது? பயிற்சி குடுத்தோம், மூணு வருசத்துக்குள்ள ஓடுனா இவ்வளவு கட்டணும்னு கையெழுத்து வாங்குறானாமே. அத எந்த அத்தியாயத்துல வச்சிருக்காங்கன்னு உன் வாத்தியாரக் கேட்டு வா. மெதுவாக் கேளு, மார்க்கு அவரு கையில இருக்கு.

அப்புறம் டெய்லர்னு ஒரு அமெரிக்காக்காரன். 1911ல புத்தகம் போட்டானாம். இரும்புக் கட்டி தூக்குற ஆளுக்குப் பக்கத்துல நின்னு, எப்பத் தூக்கணும், எப்ப உக்காரணும்னு சொல்லிச் சொல்லி, நாளைக்குப் பன்னண்டரை டன் ஏத்துனவன நாப்பத்தேழரை டன் ஏத்த வச்சானாம். கூலி? 1.15 டாலர் 1.85 ஆச்சு. வேல கிட்டத்தட்ட நாலு மடங்கு, காசு ரெண்டு மடங்குகூட இல்ல. இதுக்கு விஞ்ஞான முகாமைத்துவம்னு பேரு. எங்க கணக்கப்புள்ளைக்கு இந்த விஞ்ஞானம் பள்ளிக்கூடம் போகாமலே தெரியும்டா.

ஹாதோர்ன்னு ஒரு தொழிற்சாலைக் கதையும் வாசிச்சுக் காட்டுன. சிக்காகோ பக்கம். வெளிச்சத்தக் கூட்டுனாங்களாம், வேல கூடுச்சாம். குறைச்சாங்களாம், அப்பயும் கூடுச்சாம். பெரிய பெரிய படிச்சவங்கல்லாம் மண்டையப் பிச்சுக்கிட்டு, நம்மளக் கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சா தொழிலாளி நல்லா வேல செய்வான்னு கண்டுபுடிச்சாங்களாம். அட ராசா, தொரையோட மோட்டார் சைக்கிள் சத்தம் பாலத்துல கேட்டா மலையில கை எம்புட்டு வேகமாப் போகும்னு நம்ம ஆத்தாகிட்டக் கேட்டிருந்தா ஒரு தேத்தண்ணிச் செலவோட முடிஞ்சிருக்குமே?

உன் படிப்புல எனக்குப் புடிச்ச சமாச்சாரம் இலக்கு வைக்கிறது. அதப் பத்தி நான் சொல்லுறேன், எழுதிக்க. பால்வெட்டுக்காரன் விடியக் கருக்கல்ல போவான். வெயில் ஏறுனா பால் ஓட்டம் கொறஞ்சிரும். பட்டைய மெலிசாச் சீவணும், கொஞ்சம் ஆழமாப் போனாலும் மரத்துல காயம். சிரட்டையில சொட்டுச் சொட்டா எறங்கும். பிறகு வாளியில சேத்து ஸ்டோருக்குத் தூக்கியாரணும். இத்தன லீட்டர் கொண்டாந்தா முழுப் பேரு, அதாவது முழு நாள் சம்பளம், கொறஞ்சா அரப்பேருன்னு ஒரு தொர சட்டம் போட்டாருன்னு வை. என்னா நடக்கும்? பீலியில தண்ணி ஓடுதுல்ல? லீட்டர் கூடிரும். ரப்பர் கூடாது. அதுக்குத்தான் மெட்ரோலாக்குன்னு ஒரு கருவியப் பாலுக்குள்ள மிதக்க விட்டு, ரப்பர் எம்புட்டு, தண்ணி எம்புட்டுன்னு பாக்குறாங்க. நீ ஆபீசுல குந்திக்கிட்டு ஆளுக்கு ஒரு இலக்கு எழுதுவ. அவன் ஒரு பீலியத் தேடுவான். உன்கிட்ட மெட்ரோலாக் இருக்கா?

தொழிலாளி பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். தேயிலைத் தோட்டத்துல தராசுக்குப் பக்கத்துல நின்னு பாரு. சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு கிலோன்னு கழிப்பாங்க. வெயில் கொளுத்துற அன்னைக்கும் ஈரந்தான். பீலியப் பாலுக்குள்ள விட்டவனுக்குத் தண்டனை உண்டு. காஞ்ச கொழுந்துல ஈரத்தக் கண்டவனுக்கு என்னா உண்டு? 1992ல தோட்டங்கள 22 கம்பெனியாப் பிரிச்சுத் தனியார் நிர்வாகத்துக்குக் குடுத்தாங்க. போர்டு மாறுச்சு, பதவிப் பேரு மாறுச்சு, செவுத்துல 'எங்கள் நோக்கு' 'எங்கள் பணி'ன்னு கண்ணாடி போட்டு மாட்டுனாங்க. தராசுக்கு மட்டும் எழுத்து வாசிக்கத் தெரியல போல.

தலைமைத்துவத்துக்கு ஒரு முழுப் பாடமாம்! கரிக்கோச்சி ஓடுன காலத்துல நம்ம ரம்புக்கனை டேசன்ல வந்து நின்னா, கடுகண்ணாவ ஏத்தத்துக்குப் பின்னால இன்னொரு இஞ்சினக் கோப்பாங்க. முன்னால உள்ளவன் ஊதிக்கிட்டே போவான், பின்னால உள்ளவன் தள்ளுவான். ஏத்தம் முடிஞ்சதும் அவனக் கழட்டி விட்டுருவாங்க. கண்டிக்குப் போயி மாலை வாங்குறது முன் இஞ்சின்தான். நீ எந்த இஞ்சினா இருக்கப் போற?

மாஸ்லோ முக்கோணத்தையும் வரைஞ்சு காட்டுன. அடியில சோறு தண்ணி, உச்சியில தன்னால ஆகக்கூடியத முழுசா எட்டுறது. 1943ல அவரு எழுதுன கட்டுரையில முக்கோணமே இல்லையாம், பின்னால வந்தவங்க போட்டதாம். போகட்டும். லயத்துல பத்துக் குடும்பத்துக்கு ஒரு கக்கூசு இருந்தா, அது எந்தப் படிடா?

உன் புத்தகத்துக் கடைசியில, யாரும் பொரட்டாத பக்கத்துல, ஊழியர் சேமலாப நிதின்னு ஒண்ணு கெடக்கும். 1958ல வந்த சட்டம். தொழிலாளி சம்பளத்துல 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். நான் வாத்தியாரா இருந்தா அதுலதான் ஆரம்பிப்பேன். நீ டை கட்டிக் கதிரையில குந்துன மொத நாளு அந்தக் கணக்குப் புத்தகத்தக் கேளு. மாசா மாசம் காசு போயிருக்கான்னு விரல் வச்சுப் பாரு. போகலையா, உனக்கு ஒரு வருசத்துக்கு வேல இருக்கு. போயிருக்கா, அப்ப எல்லாரையும் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போயி, கண்ணக் கட்டிப் பலூன் ஊத வச்சு விளையாடு. ஒத்துமை வளருமாம்ல?

அந்த ஓட்டல் சாப்பாட்ட எவன் சம்பளத்துல கழிச்சீங்கன்னு மட்டும் எனக்கு ஒரு வார்த்த சொல்லிரு.