வெயிலுக்கா, கொடுக்குக்கா?

தேனீ வளர்ப்போருக்கான உடையைத் தைப்பவர்கள் தேனீயைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள். உள்ளே நிற்கப்போகும் ஆளைப் பற்றித்தான் யோசிப்பதில்லை.

எங்கள் குமரி மாவட்டத்தில் ரப்பர் இலையுதிர்த்துத் துளிர்விடும் மாசி, பங்குனியில்தான் தேன் பெருகும். அதுவும் பூவில் அல்ல, இளந்தளிரின் காம்பில். ஆக, பெட்டியைத் திறந்தே ஆகவேண்டிய நாளும், சட்டையைக் கழற்றி எறியத் தோன்றும் நாளும் ஒன்றாகவே வாய்க்கின்றன. “விடியற்காலையில் திறக்கலாமே” என்பார்கள் தேனீ வளர்க்காதவர்கள். அப்போது குடும்பம் மொத்தமும் வீட்டில் இருக்கும். சண்டைக்காரன் வீட்டுக்குப் போகிற நேரமா அது?

ஜப்பானில், கூட்டைத் தாக்க வரும் பெருங்குளவியைத் தேனீக்கள் கொட்டிக்கொண்டிருப்பதில்லை. நூற்றுக்கணக்கில் பந்தாக மொய்த்து, உடம்பை அதிரவைத்து, சுமார் 46 டிகிரிக்குச் சூடேற்றி அவித்துவிடும். நம் பெட்டிகளில் இருப்பதும் அதே இனம்தான். ஆனால் நைலான் உடை போட்டு வருகிறவனிடம் அவற்றுக்கு வேலையே இல்லை. அவன் காசு கொடுத்துத் தானாகவே அவிந்துகொள்கிறான்.

மூன்றடுக்கு வலை உடை என்று ஒன்று உண்டு. காற்று தாராளமாக நுழையும். வலையின் தடிமன் கொடுக்கின் நீளத்தைவிட அதிகம் என்பதால் கொட்டு உடம்புக்கு எட்டாது. அருமையான யோசனை. ஆனால் குனியும்போது தொந்தி எங்கே முட்டுகிறதோ அங்கே வலை நசுங்கும். தேனீ அளவுகோல் வைத்துக்கொண்டு வருவதில்லை. நசுங்கிய இடம் தானாக அதற்கு அமைந்துவிடுகிறது. விலையைக் கேட்ட பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், “அந்தத் துட்டுக்குப் பெட்டியே வாங்கலாமே மக்கா” என்றார்.

அவர் உடை லுங்கி, முழுக்கைப் பருத்திச் சட்டை, முகவலை. லுங்கி பயமில்லையா என்றால், “காத்து வருத வழியிலதான் தேனீயும் வரும். ரெண்டுல ஒண்ண மட்டும் வாங்க முடியுமா?” என்பார். நான் பேன்ட்காரன். பேன்ட்டின் கால் நுனிகளைக் காலுறைக்குள் செருகிவிடுவேன், ஏனென்றால் தேனீக்கு மேல்நோக்கி ஏறும் பழக்கம் உண்டு.

நிறம் வெளிறியதாக இருக்கவேண்டும். கறுப்பும் ரோமமும் கண்டால் அவற்றுக்குக் கோபம். தலைக்குச் சாயம் பூசுவோர் தொப்பியை மறக்கக்கூடாது. முகவலை மட்டும் கறுப்பு, அதுதான் கண் கூசாமல் பார்க்க விடும். தடித்த தோல் கையுறை வேண்டாம் என்பது என் கட்சி. விரல் மரத்துப்போய், சட்டத்தைத் தூக்கும்போது ஒரு தேனீயை நசுக்குவோம். உடனே வாழைப்பழ வாடை அடிக்கும். அது அபாய மணி. மற்றவை புறப்பட்டு வரும். கொட்டினால் உடம்பு தடித்து மூச்சு திணறுகிறவர்களுக்கு இந்தக் கட்சி செல்லாது. அவர்கள் பெட்டிப் பக்கமே போகாதிருப்பது நல்லது.

எதைக் குறைத்தாலும் முகவலையைக் குறைக்கமுடியாது. கையில் கொட்டினால் வீக்கம். கண்ணில், தொண்டையில் கொட்டினால் ஆஸ்பத்திரி. அகல விளிம்புத் தொப்பியாகப் பார்த்து வாங்கினால் வலை முகத்தில் ஒட்டாது. நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் வியர்வை கண்ணில் இறங்காது. இவ்வளவுக்கும் வழி உண்டு. வலையை இறுக்கி முடிச்சுப் போட்ட மறு விநாடி மூக்கு அரிக்குமே, அதற்குத்தான் எந்தக் கடையிலும் மருந்தில்லை. வலையோடு சேர்த்துச் சொறியலாம். ஆனால் அப்போது வலை மூக்கில் ஒட்டும். அதற்காகவே ஒருத்தி வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறாள்.