கணக்குச் சாமான் வாங்கும் கலை

பிள்ளைக்கு நாலு வயதாகியும் வீட்டில் கணக்குச் சாமான் ஒன்றுகூட இல்லையா? ராத்திரி எப்படித்தான் தூக்கம் வருகிறதோ உங்களுக்கு! பரண் நிறைய வாங்கிப் போட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் விலை. பிள்ளை தொட்டால் நமக்கு நெஞ்சு பதற வேண்டும். அதுதான் சரியான விலை. மாண்டிசோரி மணிகளில் ஆரம்பிக்கலாம். ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம். பத்துக்கும் ஆயிரத்துக்கும் உள்ள தூரத்தைத் தூக்கிப் பார்க்கிற கையே சொல்லிவிடும். ஆகவே உடனே ஷோகேஸில் வைத்துப் பூட்டுங்கள். விருந்தாளிகளிடம், "1939இல் மரியா மாண்டிசோரியே நம்ம அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, தெரியுமா?" என்று எடுத்துவிடலாம். மணியைப் பிள்ளை கையில் கொடுப்பதற்காகத்தான் அந்தப் பாடெல்லாம் என்பதை அவர்களாகக் கேட்டால் ஒழிய சொல்ல வேண்டாம்.

அடுத்து குயிசினேர் கோல்கள். பெல்ஜியத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் உருவாக்கியவை. 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து நீளம், நீளத்துக்கொரு நிறம். வெளிர்பச்சையோடு ஊதாவை ஒட்டிவைத்தால் கறுப்பின் நீளம் வந்துவிடும். மூன்றும் நாலும் ஏழு. இதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விளக்கினேன். என் மகள் எல்லாக் கோலையும் வரிசையாக அடுக்கி ரயில் விட்டுக்கொண்டிருந்தாள். "இந்த ரெண்டையும் கூட்டு பார்ப்போம்" என்றேன். எழுந்துபோய் விளக்குமாற்றை எடுத்து வந்தாள்.

மூன்றாவது, மிக முக்கியம்: சும்மா கிடைக்கும் எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். புளியங்கொட்டை, சோழி இத்யாதி. (கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொட்டை போட அது கண்டுபிடிக்கும் முதல் குழி மூக்குதான்.)

எங்கள் வீட்டில் இந்த விதியை மீறியது என் அம்மா. பழைய பல்லாங்குழியைத் தூசிதட்டி எடுத்தார். பதினாலு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது கொட்டை. அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு குழியில் நாலு சேர்ந்துவிட்டால் அது 'பசு'. குழிக்கு உடையவர் எடுத்துக்கொள்ளலாம். அட்டவணை கிடையாது, வொர்க்‌ஷீட் கிடையாது, முடித்தால் ஒட்டிவிட ஸ்டிக்கர்கூடக் கிடையாது. இதையெல்லாம் கல்வி என்று எப்படி ஒத்துக்கொள்வது?

பத்து நாள் போயிருக்கும். ஷோகேஸ் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து மகளின் குரல்.

"அப்பத்தா, அதுல மூணு கிடக்கு. ஒண்ணு விழுந்தா எனக்குப் பசு."

விரலை நீட்டி எண்ணவில்லை. எட்டிப் பார்த்ததோடு சரி. அம்மா பேச்சை மாற்றினார். "அங்க பாரு, ஜன்னல்ல அணில்!" பிள்ளை திரும்பவில்லை.

"ரெண்டாப் போட்டுட்ட அப்பத்தா. ஒண்ணை எடு."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றைத் திரும்ப எடுத்தார்.