காரிக்கு ஜோடி தேடுறவனுக்கு

கண்ணு, நேத்து ராத்திரி நீ போன்ல விருந்துக்குன்னு வாங்கின பழைய கோட்டைக் காட்டி "25 பவுனு அப்பாரு"ன்னதும் எனக்கு நெஞ்சடைச்சுப் போச்சு. 25 பவுனு போட்டுத்தான் உன்ற அத்தையைப் பொள்ளாச்சியில கட்டிக்குடுத்தேன். அது வெள்ளைக்காரன் காசு, நகைப் பவுனு இல்லைன்னு உங்கப்பன் வந்து வெளக்கின பொறகுதான் மூச்சு திரும்புச்சு.

கோட்டு நல்ல கோட்டு, பொய் சொல்ல மாட்டேன். குன்னூர்ல தையக்கடையில 30 வருசம் குனிஞ்ச முதுகு இது. எஸ்டேட் தொரைமாருக்கும் வெலிங்டன் பட்டாள ஆபீசருக்கும் ராத்திரி விருந்துக் கோட்டைப் பிரிச்சுத் தெச்ச கை. எடின்பரோவுல எந்தத் தொரை செத்து அவன் பீரோவைக் காலி பண்ணினாங்களோ, உனக்கு வந்து சேர்ந்துருக்குது. உள்பாக்கெட்டுக்குள்ள விரலை விட்டுப் பாரு. ஆளை அளந்து தெச்ச கோட்டா இருந்தா சின்னத் துணிச்சீட்டுல பேரும் தேதியும் எழுதித் தெச்சிருப்பான். பேரு கெடச்சா அந்த ஆளுக்கு ஒரு கும்புடு போட்டுரு. பேண்ட்டை ஏன் கூடவே அனுப்பலைன்னு மட்டும் கேக்காதே. கோட்டு சும்மா தோள்ல தொங்கும். உக்காந்து உக்காந்து தேயறது பேண்ட்டு, தொப்பை வந்தா மொதல்ல வெடிக்கிறதும் அதுதான்.

சரி, அந்தக் கோட்டுக்குக் கீழ நீ என்ன போட்டிருந்தே? ஆபீஸ் பேண்ட்டு. கேட்டா "ரெண்டும் கருப்புத்தான அப்பாரு"ங்கறே. ஆமா சாமி, எருமையும் கருப்பு, காக்காயும் கருப்பு.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனேனே, நெனப்பிருக்குதா? நீ பஞ்சு மிட்டாய்க்கு அழுதே, அதனால மாட்டைப் பாத்திருக்க மாட்டே. ஜோடியில ஒண்ணு செத்துப்போயி, மிச்சமிருக்கற ஒத்தைக் காரிக் காளையை ஓட்டிக்கிட்டு வருவான் பாரு ஒருத்தன், அவன்தான் சந்தையிலேயே பாவப்பட்டவன். தரகன் துண்டுக்குள்ள கையைப் போட்டு விரலைப் புடிச்சு வெலை பேசறதுக்கு முன்னால உசரம், கொம்பு, நடை எல்லாம் பாக்கோணும். கருப்பா இருக்குதுன்னு மட்டும் வாங்குனவன் வண்டி ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் கோணல்தான்.

பழைய கம்பளித் துணி கெசத்துக்கு 14, 16 அவுன்ஸ் இருக்கும். பரதியான்னு ஒரு நெசவு, தொட்டா மணல் தூவுன மாதிரி பொறுபொறுன்னு இருக்கும். உன்ற ஆபீஸ் பேண்ட்டு 9 அவுன்ஸ் இருந்தா அதிகம். மேல கனத்துத் தொங்க, கீழ காத்தாடி மாதிரி படபடங்கும். நெறமும் அப்படித்தான். பழைய கருப்பு பச்சையடிக்கும், இல்லைன்னா துரு மாதிரி செவக்கும். ஜன்னல் வெளிச்சத்துல ஒரு தரம், ராத்திரி வெளக்குல ஒரு தரம் பாரு. கருப்பே இல்லாம கருநீலமாக்கூட இருக்கும். 1865ல வேல்ஸ் இளவரசருக்கு இந்த மாதிரிக் குட்டைக் கோட்டை மொதமொதல்ல தெச்சுக் குடுத்தது நாங்கதான்னு லண்டன்ல ஹென்றி பூல் கடைக்காரங்க சொல்றாங்க. அதுவும் நீலம்தானாம். பின்னால அவரு பேரன், முடியைத் தூக்கி வீசினவரு, வெளக்கு வெளிச்சத்துல கருப்பைவிடக் கருநீலம்தான் கருப்பாத் தெரியும்னு அதையே போட்டுப் பரப்பிவிட்டாரு. தாத்தன் தெச்சதைப் பேரன் போட்டா ஊரே போடுது, தாத்தன் சொல்றதைக் கேக்கத்தான் பேரன் இல்லை.

சாயம் போடலாமான்னு யோசிப்பே, எனக்குத் தெரியும். அந்தக் கை கோட்டுப் பக்கம் போகக்கூடாது. காலர் பட்டு ஒரு பக்கம் இழுக்கும், லைனிங் ஒரு பக்கம் சுருங்கும், 25 பவுனும் தண்ணியில.

கோட்டைப் பையில போட்டுக்கிட்டு கடை கடையா நட. பழந்துணிக் கடை, வாடகைக்குக் கோட்டு விடறவன் கழிச்சுத் தள்ளற சரக்கு, எல்லாம் பாரு. கனமான கருப்புக் கம்பளிப் பேண்ட்டா, கீழ மடிப்பு இல்லாததா, சைடு பாக்கெட்டு தையலோட நேரா எறங்கறதா எடு. இந்தக் கோட்டுக்குப் போடற பேண்ட்டுக்கு வெளித்தையல் நெடுக ரிப்பன் வெக்கோணும், பாக்கெட்டு சாய்வா இருந்தா அப்போ மானம் போயிரும். கோட்டுக் காலரைத் தடவிப் பாரு. வழவழன்னா சாட்டின் ரிப்பன், வரிவரியா இருந்தா கிராஸ்கிரெயின். ரெண்டு செ.மீ. அகலம் போதும். மொதல்ல ஆவி காட்டிச் சுருங்க வெச்சுக்கோ, அப்புறம் பேண்ட்டைப் பலகையில படுக்கப் போட்டு, இழுக்காம, வெளித்தையல் மேல ரெண்டு ஓரமும் கையால தெச்சுக்கோ. இழுத்துத் தெச்சா கால் நெடுக பூரான் ஓடுற மாதிரி சுருக்கம் விழும். காலுக்கு ஒரே ஒரு கோடு. ரெண்டு கோடு வாலு வெச்ச கோட்டுக்கு, அது வேற சாதி. பெல்ட் லூப்பை அறுத்துப்போட்டு இடுப்புப் பட்டிக்கு உள்ள முன்னால நாலு, பின்னால ரெண்டு பட்டன் வெச்சு சஸ்பெண்டர்ல மாட்டு.

இதைவிட முக்கியம் ஒண்ணு. பேண்ட்டு தொப்புளுக்கு ஏறோணும். அந்தக் காலத்துக் கோட்டு குட்டை, பட்டன் இடுப்பு மேலயே வரும். உங்க காலத்துப் பேண்ட்டு எங்க தொங்குதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவுல முக்கோணமா வெள்ளைச் சட்டை எட்டிப் பாக்கும், வேலிச் சந்துல கோழி எட்டிப் பாக்கற மாதிரி. ஏறவே மாட்டேங்குதுன்னா கமர்பந்த் கட்டு. வேற ஒண்ணுமில்லை, இடுப்புல துண்டு. நம்ம நாட்டுக்கு வந்த வெள்ளைப் பட்டாளத்துக்காரன் வெக்கை தாங்காம வெய்ஸ்ட்கோட்டைக் கழட்டிப்போட்டு இங்க பாத்துக் கட்டிக்கிட்டுப் போனது.

இவ்வளவு அலைஞ்சும் ஜோடி அமையலையா? அப்போ ஒத்த மாதிரி நடிக்காதே. கிட்டத்தட்ட ஒத்துப்போற கருப்புத்தான் ஆளைக் காட்டிக்குடுக்கும், சுத்தமா வேற நெறம்னா வேணும்னே போட்டிருக்கான்னு நம்பிருவாங்க. நீ இருக்கற ஊருல அதுக்கு வழியே இருக்குது, கட்டம் போட்ட டார்ட்டன் பேண்ட்டு. நமக்குக் குலத்துக்கு ஒரு கூட்டம், அவங்களுக்குக் குலத்துக்கு ஒரு கட்டம். எந்தக் குலமும் இல்லாத உன்னாட்ட ஆளுக்கு பிளாக் வாட்ச்னு கரும்பச்சையும் கருநீலமும் கலந்தது உண்டு. லுங்கியைத் தெச்சுப் போட்டுட்டு வந்துட்டான்னு உன்ற அப்பத்தா சொல்லுவா, அங்க யாரும் சொல்ல மாட்டாங்க. வேட்டியே கட்டிக்கறேன்னு கெளம்பிராதே. வேட்டி கட்டினவனைக் கிளப்புக்குள்ள விடோணும்னு 2014ல இங்க போட்ட சட்டம் எடின்பரோ வரைக்கும் நீளாது.

எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பே. என்ற கல்யாணப் போட்டோவைப் போயிப் பாரு. வெள்ளை வேட்டி, மேல கருப்புக் கோட்டு. ஊட்டித் தொரை ஒருத்தன் ஆல்டருக்குக் குடுத்துப்போட்டு வாங்காமயே சீமைக்குப் போயிட்டான். பேண்ட்டும் கூடத்தான் இருந்துச்சு, எனக்கு இடுப்புல நிக்கலை. மாப்பிள்ளை பட்டணத்து ஸ்டைல்னு ஊரே பேசுச்சு, உன்ற அப்பத்தா இன்னைக்கு வரைக்கும் நம்பிக்கிட்டிருக்கா. அவகிட்ட எதையும் சொல்லிப்போடாதே. உன்கூட அந்த விருந்துக்கு வர்ற புள்ளை யாருன்னு நானும் உங்கப்பன்கிட்ட கேக்கலை பாரு.