சாணியும் சான்றிதழும்

நாற்பது வயதைத் தொட்ட ஆண்களுக்கு நம் ஊரில் இரண்டு வியாதிகள் வரும். ஒன்று சர்க்கரை. இன்னொன்று, 'பேசாம விவசாயம் பண்ணப் போயிடலாமா' என்கிற நினைப்பு. முதலாவதற்கு மாத்திரை உண்டு. இரண்டாவதற்கு ஆளாளுக்கு விவசாயப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறார்கள், வியாதி முற்றிவிடுகிறது.

எனக்கு இரண்டாவது வந்தது. சேலத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. ஊரார் வருமானத்தை ராத்திரி பதினொரு மணிவரை கூட்டிக் கழிப்பவனுக்கு மண்ணைத் தொட ஆசை வருவதில் அதிசயம் என்ன இருக்கிறது? வீட்டில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "மொட்டை மாடியில நாலு தொட்டி வாடிக் கெடக்கு. அதுக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து பேசுங்க" என்று பதில் வந்தது.

வேளாண்மைத் துறையில் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர்தான் வழி சொன்னார்: "நிலம் வாங்காதே. முதல்ல ஒரு இயற்கை விவசாயப் பண்ணையில போய் வேலை செய். அடுத்தவன் காட்டுல நஷ்டமானா அது அனுபவம். நம்ம காட்டுல ஆனா அது நஷ்டம்."

இந்த யோசனைக்கு ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. லண்டனில் செயலாளர் வேலை பார்த்த சூ கோப்பார்ட் என்ற பெண்மணி, 1971இல் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு வார இறுதியில் சசெக்ஸில் இருந்த எமர்சன் கல்லூரிப் பண்ணைக்கு வேலை செய்யப் போனார். ஆபீஸ் நாற்காலியில் தேய்ந்தவர்களின் அந்த வார இறுதி, இன்று பல நாடுகளில் 'வூஃப்' என்ற பெயரில் பரவியிருக்கிறது. தினம் சில மணி நேரம் பண்ணை வேலை, பதிலுக்குச் சாப்பாடும் படுக்க இடமும். பணம் கைமாறாது. இதை என் மாமனாரிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சம்பளம் கெடையாது, சோறும் எடமும் உண்டு. இதுக்கு நம்ம பக்கம் வீட்டோட மாப்பிள்ளைன்னு பேரு" என்றார்.

இவர்கள் வார இறுதிக்குப் போனார்கள்; ஒரேயடியாக இறங்கியவர் இயற்கை விவசாயத்துக்குப் பேர்போன நம்மாழ்வார். விவசாயப் பட்டதாரி, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசாங்க வேலை. மானாவாரி விவசாயிக்குக் கட்டுப்படியாகாத உரத்தையும் மருந்தையும் சிபாரிசு செய்ய மனமில்லாமல் 1969இல் அந்த வேலையை உதறிவிட்டு வந்தார். கரூர் மாவட்டம் கடவூர் அருகே அவர் உருவாக்கிய 'வானகம்' இன்றும் வருகிறவர்களை மண்ணில் இறக்கிப் பழக்குகிறது. எனக்கு வேலையை உதறும் தைரியம் இல்லை. லீவு போடும் தைரியம் மட்டும் இருந்தது. கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து ஏற்காடு, அங்கிருந்து மாரமங்கலம்.

இந்த மலையில் ஆபீஸ்காரர்கள் விவசாயத்தில் இறங்குவது புதிதல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர். கலெக்டர் நட்டார், ஊர் குடிக்கிறது. அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் சந்தா கட்டச் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்த பண்ணையில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்தது; நடுவே பலாவும் ஆரஞ்சும்; கீழே காப்பி. அறுவடைக் காலம். தோட்டக்காரர் மரியாதையாக "வாங்க சார்" என்று வரவேற்று, மறுநாள் விடியற்காலையில் கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்.

"மாடு எந்திரிச்சதும் கோமியம் விடும் சார். புடிச்சிருங்க."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. பல் கிட்டிக்கும் குளிரில், குல்லாவும் மஃப்ளருமாக மாட்டின் பின்னால் வாளியை நீட்டிக்கொண்டு நின்றேன். மாடு எழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தது. வாலைத் தூக்கியது, நான் வாளியைத் தூக்கினேன். வாலை இறக்கியது, நானும் இறக்கினேன். பழம் பறிக்க வந்த அக்கா ஒருவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "மாடு வெக்கப்படுது தம்பி. அந்தாண்ட திரும்பி நில்லுங்க" என்றார். திரும்பினேன். பின்னால் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து நான் 'சார்' இல்லை, 'தம்பி'.

அடுத்து, இரண்டு கிலோ வெல்லமும் இரண்டு கிலோ கடலைமாவும் வாங்கிவரச் சொன்னார்கள். வந்தவனுக்குப் பலகாரம் செய்து போடப்போகிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். இரண்டும் 200 லிட்டர் பேரலுக்குள் போயின. கூடவே பத்து கிலோ சாணி, காலையில் மாடு பார்த்துக் கொடுத்த கோமியம், ஒரு கைப்பிடி மண். ஜீவாமிர்தம். இயற்கை விவசாயம் சொல்லித்தரும் சுபாஷ் பாலேக்கர் ஓர் ஏக்கருக்குச் சொல்லும் கணக்கு இது. சாணியிலும் மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்கள் வெல்லத்தையும் மாவையும் தின்று பெருகும், அதை நிலத்தில் விட்டால் மண் உயிர்பிடிக்கும் என்பது அவர் கருத்து. காலையிலும் மாலையிலும் கம்பால் கலக்கிவிடுவது என் பொறுப்பு. பலகாரச் சாமான் மொத்தமும் நுண்ணுயிர்களுக்குப் போக, எனக்குக் களியும் கீரையும் கிடைத்தது. குறை சொல்லக்கூடாது, ருசியாகத்தான் இருந்தது.

காப்பிப் பழம் பறிப்பதில்தான் என் சாயம் வெளுத்தது. ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் இருக்கும். சிவந்ததை மட்டும் திருகி எடுக்க வேண்டும். கொத்தோடு உருவினால் கிளை காயப்படும், காயும் கலந்துவிடும். அக்காவுக்கு விரல் நுனியில் கண். இடுப்பில் கூடை, இரண்டு கையிலும் பழம், வாயில் மருமகள் பற்றிய விவரமான அறிக்கை; மூன்றும் ஒன்றையொன்று தடுக்காமல் ஓடின. நான் ஒவ்வொரு பழத்தையும் பெண் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் எடை போட்டபோது அக்காவுடையது மூட்டையில் இருந்தது. என்னுடையது பன்னிரண்டு கிலோ.

கணக்குப் புத்தி சும்மா இருக்குமா? ஏறக்குறைய ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ காப்பிக்கொட்டை தேறும். ஆக, என் ஒருநாள் உழைப்பு இரண்டு கிலோ கொட்டை. வறுத்தால் அதிலும் எடை குறையும். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு காப்பி, படுக்க இடம், கம்பளி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், தோட்டக்காரர் என்னை வைத்திருப்பது தர்ம காரியத்தில் சேரும்.

இன்னொரு நாள் தண்டுத் துளைப்பான் தேடப் போனோம். அரபிகா காப்பியின் எமன் இந்த வண்டு. பட்டை இடுக்கில் முட்டையிடும்; புழு உள்ளே போய்த் தண்டைக் குடையும். பட்டையில் நரம்பு புடைத்தாற்போல் மேடு தெரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். நல்ல செடிகளின் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து, வண்டு முட்டையிட இடுக்கே இல்லாமல் வழவழப்பாக்க வேண்டும். வெயில் விழும் செடியைத்தான் வண்டு தேடி வருமாம். "அதுக்குத்தான் தம்பி இத்தன மரம்" என்றார் அக்கா. அதுவரை மரங்கள் போட்டோவுக்காக நிற்பதாக நினைத்திருந்தேன்.

ஒருநாள் தோட்டக்காரரிடம், நான் இன்றைக்கு ஆரம்பித்தால் எப்போது வருமானம் என்று கேட்டேன். காப்பி காய்க்க மூன்று, நாலு வருஷம். மிளகும் அப்படியே. ஏற்கெனவே ரசாயனம் போட்ட தோட்டமானால், அங்ககச் சான்றிதழ் வாங்க மாறுதல் காலமும் மூன்று வருஷம். இந்தத் தகவல்களை வீட்டுக்குப் போனில் தெரிவித்தேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. டவர் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

சான்றிதழ் பற்றிப் பேச்சு வந்ததும் தோட்டக்காரர் ஒரு தகரப்பெட்டியை இழுத்து வந்தார். விவசாயிகள் ஐந்து பேராவது குழுவாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் சோதித்துச் சான்று பெறும் பி.ஜி.எஸ். முறையில் அவர்கள் இருந்தார்கள். இதில் சாணி போட்டால் மட்டும் போதாது. போட்டதை எழுதியும் வைக்க வேண்டும். எந்தப் பாத்தியில் என்ன விட்டது, எந்தத் தேதியில், வெளியில் வாங்கியது என்ன, பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வராமல் என்ன தடுப்பு, எவ்வளவு அறுவடை. பெட்டிக்குள் ஒரு வருஷத்து விவசாயம் காலண்டர் தாளின் பின்பக்கத்திலும் வெல்ல மண்டி பில்லின் ஓரத்திலும் கிடந்தது. எனக்குக் கை அரித்தது. நோட்டைக் கோடு போட்டு, தேதிவாரியாக, பத்திவாரியாக எழுதினேன். வந்த நாளிலிருந்து அந்தத் தோட்டத்தில் நான் வேகமாகச் செய்த ஒரே வேலை அதுதான். மறுநாள் குழுவின் மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு பெட்டியோடு வந்துவிட்டார்கள்.

ஆபீஸ் ஃபைலுக்குத் தப்பி மலையேறியவன், இப்போது மாதாமாதம் ஃபைல் எழுத மலையேறுகிறேன். கூலி, மிளகும் காப்பித்தூளும். அக்கா என்னைக் 'கணக்குப்பிள்ளை' என்கிறார். எஸ்டேட்டில் அது பெரிய உத்தியோகம். எழுத எழுத, எந்த மழைக்கு எந்தப் பாத்தி எவ்வளவு கொடுத்தது என்று இந்த மலையின் வரவுசெலவே மனப்பாடமாகி வருகிறது. கூடையோடு நின்றிருந்தால் இவ்வளவு தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆகவே, இதே வியாதியோடு என்னிடம் வருகிறவர்களுக்கு நானும் அந்த நண்பர் சொன்னதையே சொல்கிறேன். ஓர் அறுவடைக் காலம் யாருடைய தோட்டத்திலாவது நில்லுங்கள். நீங்கள் எதற்கு லாயக்கு என்பதை மாடும் செடியும் அக்காவும் கலந்துபேசித் தீர்ப்புச் சொல்வார்கள். அப்பீல் கிடையாது. நிலம் வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். அதற்குள் விலை ஏறிவிடுமே என்று பயப்படுகிறவர்கள் தேடுவது ரியல் எஸ்டேட்; அதற்குச் சாணி அள்ளத் தேவையில்லை.