பூட்டு ஒன்று, இடைச்சொல் நான்கு: கொங்கு நாட்டு ஆங்கிலம் குறித்த ஓர் ஆய்வு

ஆங்கில வினைச்சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் அப், ஆஃப், அவுட், ஆன், இன் ஆகியவை அயலாரைப் படுத்தும் பாட்டைச் சாமுவேல் ஜான்சன் அறிந்திருந்தார். 1755-இல் வெளிவந்த அகராதியின் முன்னுரையில், வெளிநாட்டாருக்கு இது பெருந்தொல்லை என்பதால் இச்சேர்க்கைகளைத் தனிக் கவனத்துடன் திரட்டியதாகச் சொல்கிறார். 170 ஆண்டுகள் கழித்து, 1925-இல், லோகன் பியர்சால் ஸ்மித் இவற்றுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரைப் பரப்பிவிட்டார். தொல்லைக்குப் பெயர் கிடைத்தது, தீர்வு கிடைக்கவில்லை. காரணம் எளிது. இருவருமே கோயம்புத்தூர்ப் பக்கம் வரவில்லை.

தொல்காப்பியர் இடைச்சொல்லுக்கென்று ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறார். அது தனித்து இயங்காது, பெயரையோ வினையையோ சார்ந்துதான் இயங்கும் என்பது நம் மரபு. கொங்கு நாட்டில் அது சம்பளத்தையும் சார்ந்து இயங்கும் என்பதே இங்கு நிறுவப்படவிருக்கும் கருத்து.

முதற்சான்று 'லாக்'. தமிழருக்குப் பூட்டு என்றால் பூட்டுதான். திண்டுக்கல்காரர்கள் அதற்கு 2019-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள், ஆனால் அவர்களும் ஒரு வினையோடு நிறுத்திக்கொண்டார்கள். கோவை வட்டாரமோ அதற்கு நான்கு இடைச்சொற்களை மாட்டி, நான்கையும் பிசகாமல் ஆள்கிறது. லாக்-அப் என்றால் ஆள் உள்ளே, சாவி போலீசிடம். கோவை ஆட்டோ ஓட்டுநர் சந்திரகுமார் தாம் பட்டதை நாவலாக எழுதியபோது 'லாக்கப்' என்றே பெயரிட்டார், அதிலிருந்துதான் வெற்றிமாறனின் 'விசாரணை' பிறந்தது. லாக்-அவுட் என்றால் ஆள் வெளியே, சாவி முதலாளியிடம், கேட்டுக்கு முன்னால் சங்கத்தின் பந்தல். லாக்-டவுன் என்றால் 2020 மார்ச்சில் நாம் கண்டதுபோல எல்லோரும் உள்ளே, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. திருப்பூருக்குப் போனால் ஓவர்லாக். அது பனியன் ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின், அதில் யாரும் சிறைப்படுவதில்லை. (இடைச்சொல் இங்கே முன்னால் வந்துவிட்டதே என்று இலக்கணவாதிகள் கேட்கலாம். திருப்பூரில் ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது எதுவும் முன்னால் வரும்.)

இந்த நான்கையும் மாற்றிச் சொன்ன கோவைக்காரர் எவரும் இதுவரை ஆய்வாளர் கண்ணில் படவில்லை. "மகன் லாக்-அவுட்டில் இருக்கிறான்" என்று எந்தத் தாயும் வக்கீலைத் தேடி ஓடியதில்லை.

இரண்டாம் சான்று இன்னும் வலுவானது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையும், 1930-களில் வந்த பைகாரா மின்சாரமும் இவ்வூரை மில் ஊராக்கின. ஆலைச் சங்கு ஊதத் தொடங்கியபோதே ஆங்கில வகுப்பும் தொடங்கிவிட்டது என்பதை வரலாற்றாசிரியர்கள் கவனிக்கத் தவறினர். பஞ்சு இல்லை, கரண்டு இல்லை, மெஷின் பிரேக்-டவுன் என்று எந்தக் காரணத்தாலாவது வேலை கொடுக்க முடியாமல் போனால் அது லே-ஆஃப். தொழில் தகராறுச் சட்டம் வந்தது 1947-இல், அதில் இச்சொல்லுக்கு விளக்கம் சேர்ந்தது 1953-இல். மஸ்டர் ரோலில் பெயர் இருக்கும், வேலை இருக்காது, தகுதியுள்ளவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். ஓய்வுபெற்ற மில்காரர் ஒருவரிடம் லே-ஆஃபுக்கும் லாக்-அவுட்டுக்கும் வேறுபாடு கேட்டபோது, "லே-ஆஃபுன்னா அரைவயிறுங்க, லாக்-அவுட்டுன்னா அதுக்கும் வழியில்லீங்க" என்றார். எந்த இலக்கண நூலும் 'ஆஃப்', 'அவுட்' இரண்டையும் இவ்வளவு சுருக்கமாகப் பிரித்துக் காட்டியதில்லை.

பல மில்கள் மூடிய பிறகு அதே 'லே' வேறோர் இடைச்சொல்லைத் தேடிக்கொண்டது. சங்கு ஊதிய நிலத்தில் கல் நட்டு, மஞ்சள் கொடி கட்டி, டிடிசிபி அப்ரூவ்டு லே-அவுட் என்று பலகை வைத்தார்கள். அப்பன் லே-ஆஃபில் நின்ற மண்ணில் மகன் லே-அவுட்டில் சைட் வாங்குகிறான், அல்லது விலை கேட்டுவிட்டுத் திரும்புகிறான். ஆங்கிலேயருக்கே தோன்றாத இந்தச் சொல்வரலாற்றைச் சிங்காநல்லூர்ப் பக்கம் யாரும் விளக்கமாகச் சொல்வார்கள்.

கட்-ஆஃப், கட்-அவுட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல் விடுதிப் பள்ளியில் படித்த பிள்ளையின் தாயிடம் இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு எவ்வளவு என்று கேட்டால் அரை மார்க் பிசகாமல் சொல்வார். கட்-அவுட் தியேட்டர் வாசலில் நிற்பது என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆக, கொங்கு விதியை இப்படி வகுக்கலாம்: எந்த இடைச்சொல்லை மாற்றினால் காசோ சீட்டோ ஜாமீனோ மாறுமோ, அது ஒருபோதும் பிழைபடாது. மாற்றினாலும் பைசா குறையாது என்றால் பிழைபட்டே தீரும்.

இதன் மறுபாதிக்குச் சான்று, ஆங்கில ஆசிரியர்களின் இரத்தக் கொதிப்பை ஏற்றும் 'கோப் அப் வித்'. சமாளிப்பது என்ற பொருளில் 'கோப் வித்' போதும், 'அப்' தேவையில்லை. ஆனாலும் நம்மவர் விடுவதில்லை. 'கேட்ச் அப் வித்', 'கீப் அப் வித்' ஆகியவற்றின் சகவாச தோஷம் என்பது வழக்கமான விளக்கம். எனக்கு அது போதவில்லை. "சரி" என்று மொட்டையாகச் சொல்ல நாக்கூசி "சரிங்க" என்பவர்கள் நாங்கள். "ஏன்" என்பதையே "ஏனுங்க" என்று கேட்டால்தான் கேள்வி மரியாதையாக இருக்கும். 'கோப் வித்' என்று எதிராளி முகத்தில் அடித்தாற்போல் எப்படிச் சொல்வது? அந்த 'அப்' ஆங்கில இடைச்சொல்லே அன்று, இடம் மாறி வந்த கொங்கு 'ங்க'. டெல்லிக்காரர்களும்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று மறுப்போருக்கு விடை தயார்: அவர்களிடம் 'ஜீ' இருக்கிறது.

'டிஸ்கஸ் அபௌட்' வேறு கதை. "நிலத்தைப் பற்றிப் பேசினோம்" என்று சொல்லி வளர்ந்தவர் 'பற்றி'யை எங்கே இறக்கி வைப்பார்? இதைப் பிழை என்று திருத்துவோர், பற்றில்லாமல் பேசச் சொல்கிறார்கள்.

அரசு அலுவலக வழக்கு தனி ஏட்டுக்கு உரியது. கிளார்க் ஃபைலைப் 'புட்-அப்' செய்கிறார். அதிகாரி அதைப் 'புட்-ஆஃப்' செய்கிறார். மனுக் கொடுத்தவர் இரண்டையும் 'புட்-அப்-வித்' செய்கிறார். மனுதாரருக்கு மட்டும் இரண்டு இடைச்சொல் கிடைப்பது கவனிக்கத்தக்கது. அரசிடமிருந்து கேட்காமலே கூடுதலாகக் கிடைத்த ஒன்று என்று அதை ஆவணப்படுத்தலாம்.

விதிக்கு அடங்காமல் நிற்பது ஒன்றே ஒன்று. பஸ்ஸுக்கு 'ஆன்', காருக்கு 'இன்'. நின்றபடி போகக்கூடிய வண்டி என்றால் 'ஆன்', குனிந்து நுழைய வேண்டியது என்றால் 'இன்' என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பஸ்ஸை ஓட்டியபோது இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தமிழில் எல்லாமே ஏறுவதுதான். சிக்கல் மினி பஸ்ஸில் வருகிறது. கூரை தாழ்வு. நெட்டையான ஆள் அதில் நின்றபடியும் போகிறார், குனிந்தபடியும் போகிறார். அவர் 'ஆன்'-ஆ 'இன்'-ஆ? இதைத் தீர்த்துவைக்கும்படி அன்னூர்ப் பக்கம் ஒரு கண்டக்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் அப்பறம் பாக்கலாமுங்க, படிக்கட்டுல நிக்காம உள்ள தள்ளி நில்லுங்க" என்றார்.