கயிற்றை இழுக்கும் உரிமை

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களுக்கு உற்சாகமே இல்லை. ஆட்களை மாற்றினால் நிலைமை சீராகுமா?

பதில்: ஆட்களை மாற்றுமுன் அதிகாரம் செய்யும் முறையை மாற்றிப் பாருங்கள். கலிபோர்னியாவிலுள்ள பிரிமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார்த் தொழிற்சாலை, வேலைக்கு வராமையும் ஓயாத பிணக்கும் மலிந்து 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவின் நிர்வாகத்தில், இரு கம்பெனிகளின் கூட்டு ஸ்தாபனமாக அது மறுபடி திறந்தபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்களே. எது நேரினும் நிற்கலாகாது என்றிருந்த உற்பத்தி வரிசையின் ஓரமாக இப்போது ஒரு கயிறு தொங்கிற்று, சரியாகப் பொருந்தாத ஒரு திருகைக் கண்ட சாமானியத் தொழிலாளி அதை இழுத்தால், விளக்கு எரிய, குழுத் தலைவர் விரைந்து வந்து, “யார் செய்த தவறு?” என்று அதட்டாமல், “என்ன சங்கடம்?” என்று விசாரித்துக் கை கொடுப்பார், உரிய நேரத்தில் சரியாகாவிட்டால் வரிசையே நின்றுவிடும். மேலதிகாரிகளுக்கென்று தனிப் போஜனசாலையும் கிடையாது. வெகு சீக்கிரத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைகளுள் தரத்தில் முன்னணியில் நின்றது அதுவே. ஆகையால் நான் உங்களைக் கேட்பது இதுதான்: நாளைக் காலை கடைசி மேஜை குமாஸ்தா ஒரு பிழையைச் சுட்டிக் காட்டினால், அவருக்கு முதலில் கிடைப்பது நன்றியா, மெமோவா?