பத்து பைசாப் புரவலர்கள்

தமிழ்நாட்டில் வீட்டு வரி கட்டுகிற எல்லோருமே இலக்கியப் புரவலர்கள்தான். வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் பிடிக்கிறார்கள். 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது; அதற்காக அலைந்தவர் சீர்காழி ரங்கநாதன். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி தன்னையறியாமல் புதுமைப்பித்தனுக்கு வருஷா வருஷம் காசு கொடுத்துவருகிறார். அவர் புரட்டுகிற ஒரே புத்தகம் கடன் நோட்டு.

நான் பையனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கிளை நூலகம் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. ஓட்டுக் கூரை, இரண்டு பெஞ்சு. வருகிற ஒரு தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். கன்னித்தீவு பக்கம் யார் கையில் சிக்குகிறதோ அவர் அன்றைக்கு ராஜா. கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நூலகர் நாவலை லெட்ஜரில் வரவு வைப்பார். மர்ம நாவல்களின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்த மகானுபாவர் யாரென்று மட்டும் கடைசிவரை துப்புக் கிடைக்கவில்லை.

இலக்கியக் கூட்டம் நடத்த ரசீதுப் புத்தகத்தோடு கடைவீதியில் இறங்குவோம். ஐந்து ரூபாய் கொடுக்கும் ஜவுளிக்கடைக்காரர், நோட்டீசில் எழுத்தாளர் பெயரைவிடக் கடைப் பெயர் பெரிதாக வரவேண்டும் என்பார். அப்படியே வரும். எழுத்தாளர் பஸ்ஸில் வந்திறங்கி, யார் வீட்டிலாவது இட்லி சாப்பிட்டு, பத்துப் பதினைந்து பேருக்கு ராத்திரி வெகுநேரம் பேசுவார். சண்டை பஸ் ஸ்டாண்டு வரை தொடரும்.

இப்போது வசூல் வேலை இல்லை. மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. 2022-ல் பொருநை என்று ஆரம்பித்து ஆற்றின் பெயரால் இலக்கியத் திருவிழாக்களும் வந்தன. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். நாங்கள் கனவிலும் காணாத பந்தல். அப்படி ஒரு பந்தலுக்கு என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து நான் மைக்கைப் பிடித்ததும் ஒருவர் காதருகே வந்து, "ஐயா, ஏழு நிமிஷம். பிள்ளைகளுக்குப் பஸ் வந்துருச்சு" என்றார். மதிப்பூதியத்துக்கான படிவத்தை நிரப்ப அதைவிட அதிக நேரம் பிடித்தது.

நூலகத்துக்கும் சொந்தக் கட்டடம் வந்துவிட்டது. உட்கார இடமில்லை, எல்லாம் டி.என்.பி.எஸ்.சி. பிள்ளைகள். புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம், பிறந்தது 1906 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கதை எதுவும் படித்ததுண்டா என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "கதைத் தலைப்பு மட்டும்தான் சார் கேப்பாங்க."

அங்கே படித்துத் தேறிய பையன் ஒருவன் முதல் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலராகியிருக்கிறான். பலகையில் இடமில்லாததால் அவன் பெயரை நாவல் பீரோவின் கண்ணாடிக் கதவில் எழுதியிருக்கிறார்கள். யாரும் திறப்பதில்லை என்பதால் பெயின்ட் அழியாமல் இருக்கிறது.